ஏட்டு வீட்டுச் சோறு

உனக்கு எத்தனையாவது டோக்கன்? முப்பத்தொன்றா? அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது, உட்கார். இப்போதுதான் இருபத்திரண்டு உள்ளே போயிருக்கிறது. எனக்கு இருபத்தேழு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி என் பக்கத்தில் வா.

முதல் தடவையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் முதல் தடவை வந்தபோது முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, தம்பிக்காக வந்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். இங்கே வருகிற எல்லாரும் அப்படித்தான். தம்பிக்கு, மச்சினனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு. வைத்தியர் சிரிப்பார். "தம்பிக்குத் தெரியாம சோத்துல கலந்துருவீங்களா?" என்று கேட்டார். கலந்துவிடுவேன் என்றேன். அவ்வளவுதான், குடியை மறக்கடிக்கிற பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

உன் வீட்டுக்காரர் என்ன வேலை? மினிபஸ் டிரைவரா? சரி, சரி. என் வீட்டுக்காரர் போலீஸ். ஏட்டு. பயப்படாதே, இப்போது அவர் காக்கிச்சட்டை போடுவதில்லை. மூன்று மாதமாக சஸ்பெண்டில் இருக்கிறார். நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று நாளையோடு தெரிந்துவிடும். வேலை போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், நர்ஸிங் படிக்கிற மகளைப் பாதியில் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் வைத்தியரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன்.

பொடி நல்ல பொடிதான். அதை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர்தான் எனக்குத் துரோகம் செய்துவிட்டார். கேட்டால் உனக்கே வயிறு எரியும்.

நான் ஏழாவதோடு நின்றவள். சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷம் அந்த உடுப்பைக் காப்பாற்றியது நான்தான். எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற நாளில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, வயிற்றுப்போக்கு என்று சொல்வேன். ஒரு தடவை எஸ்.ஐ. என்னிடம், "உங்க வீட்டுத் தண்ணிய ஒரு தடவ டெஸ்டுக்குக் குடுங்கம்மா, வருசம் பூராவும் போகுதே" என்றார். தொப்பியை ஒயின்ஷாப்பில் விட்டுவிட்டு வருவார். நான் போய் வாசலில் நின்று வாங்கி வருவேன். என் அடுப்படியில் பாயசத்துக்கு ஏலக்காய் இருக்காது, அவர் சட்டைப் பையில் இருக்கும். எல்லாம் நான் போட்டு அனுப்பியது. வாடை தெரியக் கூடாதே. என் தம்பி ஒருத்தன் குடித்துக் குடித்தே முப்பத்திரண்டு வயதில் மஞ்சள் பூத்துச் செத்தான். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் இவ்வளவு பாடு.

அப்படி இருக்கும்போது போன தை மாசம் புதிதாக ஒரு டி.எஸ்.பி. அம்மா வந்தார்கள். வந்ததும் ஓர் உத்தரவு. காலையில் ரோல் காலில் வரிசையாக நிற்கும்போது ஒவ்வொருவரும் மெஷினில் ஊத வேண்டும். ரோட்டில் வண்டிக்காரர்களை நிறுத்தி ஊதச் சொல்வார்களே, அதே மெஷின். நம்பர் வந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட். நம்பர் வராவிட்டாலும் ஆள் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், மெமோ எழுதி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தமும் மூத்திரமும் எடுப்பார்கள். சாராயம் என்றால் தண்டனையோடு போகும். கஞ்சா, மாத்திரை என்று எதுவும் உடம்பில் இருந்தால் வேலையே கிடையாது. இந்த உத்தரவை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்தான். அவருக்குக் குரல் கணீரென்று இருக்கும், அதனால் அவரை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்து முடித்து முதல் கையெழுத்தும் அவர்தான் போட்டாராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இத்தன வருசம் ஊரையே ஊதச் சொன்னேன். இப்ப என்னைய ஊதச் சொல்லுறாங்க" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் லீவுக்கு வந்திருந்தாள். அவள் தலையில் கை வைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்றார். மகள் அழுதாள். நான் அழவில்லை. அந்தத் தலையில் அந்தக் கை அது ஐந்தாவது தடவை.

அவரை நம்பி விட்டுவிட முடியுமா, நீயே சொல். எங்கள் குவார்ட்டர்ஸில் ரத்தினமாலா என்று ஒருத்தி. கான்ஸ்டபிள் பெண்டாட்டி. தண்ணீர்க் குழாயடியில் வைத்து என் காதோடு இந்த இடத்தைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டே மாதத்தில் கேட்டது என்றாள். மறுநாளே வந்துவிட்டேன்.

இருபத்துமூன்று போகிறது பார். இன்றைக்கு வேகமாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

வைத்தியர் உனக்கும் இதைத்தான் சொல்வார், நன்றாகக் கேட்டுக்கொள். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு சின்னக் கரண்டி. தயிர்ச்சோறு என்றால் கசப்புத் தெரியாது. அவருக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் வேலை செய்யாது. நாள் தவறக் கூடாது. இந்த மூன்றும்தான் முக்கியம். என்ன வேர், என்ன மூலிகை என்று நான் ஒரு தடவை கேட்டேன். கோபம் வந்துவிட்டது வைத்தியருக்கு. "ஒங்கம்மா குடுத்த பால்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டியா?" என்றார். நியாயம்தானே.

நாற்பத்தொரு நாள், தாயி. நாற்பத்தொரு நாள் என் வீட்டுக்காரர் தொடவில்லை. தினமும் காலையில் ஊதினார், தினமும் சைபர். முதல் வாரம் கை நடுங்கியது, எரிந்து விழுந்தார். அப்புறம் முகம் தெளிந்தது. சாயங்காலம் மகளோடு போனில் பேசினார். துணி காயப்போட்டார் என்றால் நம்புவாயா, குவார்ட்டர்ஸே வேடிக்கை பார்த்தது. எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். மனசக்தி என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. யார் சக்தி என்று எனக்குத்தானே தெரியும்.

தூங்கவும் தூங்கினார். சாப்பிட்டுக் கை கழுவினால் போதும், கட்டை மாதிரி. அது நல்ல அடையாளம், உள்ளே இருக்கிற விஷம் இறங்குகிறது என்று வைத்தியர் சொன்னார். ஒரு நாள் வீட்டுக்காரர் மிச்சம் வைத்த தயிர்ச்சோறு மறுநாள் வரைக்கும் கிடந்தது. வீணாக்குவானேன் என்று காலையில் நான் சாப்பிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தவள்தான். பால் பொங்கி, பாத்திரம் தீய்ந்து, புகை வெளியே போய், ரத்தினமாலா கதவை உடைக்கிற மாதிரித் தட்டிய பிறகுதான் எழுந்தேன். பதினெட்டு வருஷக் களைப்பு, உடம்பு இப்போதுதான் நிம்மதியைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் தேர் வந்தது. தேருக்கு முந்தின நாள் ஸ்டேஷனில் ஒருத்தருக்கு ரிட்டயர்மெண்ட் விருந்து. இவரும் போனார். அங்கேயே சாப்பிட்டுவிட்டேன், நல்ல பிரியாணி என்று வந்தார். ஆக வீட்டுச் சோறு இல்லை. பொடியும் இல்லை. நாள் தவறிவிட்டது. அதுவும் எந்த நாளில்? விருந்துக்குப் போன நாளில். சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வாடை அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் குடித்தான், என்மேல் சிந்திவிட்டான் என்றார். பதினெட்டு வருஷமாக யாரோ ஒருத்தன் அவர்மேல் சிந்திக்கொண்டேதான் இருக்கிறான்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு, தேர் பந்தோபஸ்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், பழையசோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். தவறிப்போன நாளுக்கு ஒரு கரண்டி, அன்றைய நாளுக்கு ஒரு கரண்டி. இரண்டு. "இன்னைக்கு என்னடி இவ்வளவு கவனிப்பு" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

பதினொரு மணிக்கு ரத்தினமாலா ஓடி வந்தாள். "ஈஸ்வரியக்கா, வாட்ஸ்அப் பாத்தீங்களா?" என்றாள். தேர்ச்சக்கரத்துக்குப் போடுகிற முட்டுக்கட்டைகளைக் குவித்து வைப்பார்கள் அல்லவா, வீடியோவில் இவர் அதன்மேல் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்குகிறார். பின்னால் தேர் போகிறது. கொட்டு முழங்குகிறது. கயிற்றுக்கு உள்ளே யாரும் போகாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு பெண்பிள்ளை கயிற்றுக்கு அடியில் குனிந்து சக்கரத்துப் பக்கம் போய்விட்டது. யாரோ புண்ணியவான் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில்கூட இவர் எழவில்லை. ஊரே பார்த்துவிட்டது.

எஸ்.ஐ. வந்து எழுப்பி, அங்கேயே ஊதச் சொன்னாராம். சைபர். மறுபடி ஊதச் சொன்னார். சைபர். ஆனால் நிற்க முடியவில்லை, நாக்குக் குழறுகிறது. உத்தரவுப்படி மெமோ போட்டு ஆஸ்பத்திரி. அதே உத்தரவு, இவர் வாசித்தாரே, அதே.

மூன்று வாரம் கழித்துக் காகிதம் வந்தது. ரத்தத்தில் சாராயம் இல்லை. மூத்திரத்தில் மாத்திரை மருந்து இருக்கிறதாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? குடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொடி குடியை மறக்கடித்துவிட்டது, இந்த மனுஷன் மாத்திரைக்குப் போய்விட்டார். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஸ்டேஷனில், காலேஜ் பையன்களிடம் பிடித்த மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் சீல் வைத்து ஓர் அறையில் போட்டிருக்கிறார்கள். அந்த அறைச் சாவி யாரிடம்? இவரிடம். அதிகாரிகளும் அதைத்தான் நினைக்கிறார்கள். பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லையாம். அதனால் என்ன? அத்தனை வருஷம் போலீஸில் இருந்தவருக்குக் கணக்கைச் சரி செய்து வைக்கத் தெரியாதா?

என்ன கேட்டாய்? தூக்கமா? இல்லை, இல்லை. அதை நானும் யோசித்தேன். வீட்டில் தூங்கியது பொடி. தேரடியில் தூங்கியது மாத்திரை. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

மகள் போன் போட்டாள். காகிதத்தில் இருந்த மருந்துப் பெயரை அவளிடம் படித்துக் காட்டியிருக்கிறார் அவர். "அம்மா, இது பசங்க போதைக்குப் போடுறது இல்ல. தூக்கத்துக்கு டாக்டர் எழுதிக் குடுக்குறது. அப்பாவுக்கு இத யாரும்மா குடுத்தா?" என்று கேட்டாள். இரண்டு வருஷம் படித்துவிட்டு எனக்குப் பாடம் நடத்துகிறாள். உங்கப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இருபத்தைந்தா கூப்பிட்டது? அடுத்ததுக்கு அடுத்தது நான்.

ரத்தினமாலா இருக்கிறாளே, அவள் இப்போது என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு குழாய்க்குப் போகிறாள். மறித்துக் கேட்டேன். "நான் எப்பவோ நிறுத்திட்டேன்க்கா. என் பேர மட்டும் இழுத்துறாதீங்க" என்றாள். எதற்கு நிறுத்தினாய் என்றால் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நல்லது சொன்னவளே இப்படி மாறினால் யாரை நம்புவது?

டிபார்ட்மெண்டும் துரோகம்தான். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, அன்பாகப் பேசி, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். பதினெட்டு வருஷமாகக் குடிப்பார், சத்தியத்தை ஐந்து தடவை மீறினார், அவர் பேச்சை நம்ப முடியாது. நன்றாக மிரட்டிவிடுங்கள் அம்மா என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். இப்போது பார்த்தால், கட்டிய மனைவியே சொல்லிவிட்டார் என்று குற்றச்சாட்டுக் காகிதத்தில் அதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நான் மிரட்டச் சொன்னேன். வேலையைப் பிடுங்கச் சொன்னேனா?

அந்தக் காகிதத்தை அவர் படித்தார். படித்துவிட்டு மடித்து வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "ஈஸ்வரி, நான் ஒண்ணும் சாப்பிடலடி. ஊரு நம்ப வேணாம். நீயாவது நம்புறியா?" என்று கேட்டார்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "சோத்துல கைய வச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க" என்றேன்.

கையை எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டார். தட்டை அவரே கழுவி வைத்தார். அந்தச் சோற்றிலும் ஒரு கரண்டி இருந்தது. சஸ்பெண்ட் என்றால் குடிக்க மாட்டார்களா? அப்போதுதான் அதிகம் குடிப்பார்கள். நாள் தவறக் கூடாது.

இப்போது அவருக்கு ஒரே வேலைதான். தன் கேஸைத் தானே துப்புத் துலக்குகிறார். தேர் அன்றைக்கு யார் யார் கையால் என்ன வாங்கிச் சாப்பிட்டோம் என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார். டீ மாஸ்டரிடம் போய், டம்ளரை யார் கழுவியது என்று கேட்டிருக்கிறார். நீர்மோர்ப் பந்தலில் மோர் ஊற்றிய பெண்ணிடம் போய், பானையை யாராவது தொட்டார்களா என்று கேட்டு, அவள் அழுதே விட்டாளாம். திருநீறு கொடுத்த பூசாரியைக்கூட விடவில்லை. "சங்கிலி ஏட்டையாவுக்கு மண்டை கலங்கிருச்சு" என்று குவார்ட்டர்ஸில் சிரிக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. நாளை விசாரணைக்கு என்னையும் வரச் சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது. அந்த டி.எஸ்.பி. அம்மா கையெழுத்து. தேர் அன்றைக்குக் காலையில் வீட்டில் அவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டுமாம். சோற்றைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள்? பழையசோறு, தயிர், எலுமிச்சை ஊறுகாய். அவ்வளவுதானே சொல்ல முடியும்.

பொடியையா? பொடியை எதற்குச் சொல்ல வேண்டும்? அது சாப்பாடா என்ன, வெறும் வேர். சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் வேலை செய்யாது. நாற்பத்தொரு நாள் பட்ட பாடெல்லாம் வீண். மறுபடி குடிக்க ஆரம்பித்தால் என் தம்பி கதிதான். வேலை போனாலும் ஆள் இருப்பார். ஆளே போனால்?

அதனால்தான் வைத்தியரிடம் கேட்க வந்தேன். இந்தப் பொடி குடிக்கு மட்டும்தான் கேட்கிறது, மாத்திரையையும் மறக்கடிக்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் கடுமையாக ஏதாவது இருக்கிறதா என்று.

இதோ, இருபத்தேழு கூப்பிட்டுவிட்டார்கள். வருகிறேன் ஐயா, வருகிறேன்.

நீ ஏன் எழுந்துவிட்டாய்? பையை ஏன் எடுக்கிறாய்? உனக்கு இன்னும் நாலு பேர்தான். இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு... மினிபஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? அதற்கென்று டோக்கனைக் கீழே போட்டுவிட்டா போவது? வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாய். முதல் தடவை எனக்கும் இப்படித்தான் இருந்தது.

தெரியாது, தாயி. நான் சொல்கிறேன், கேள். என் வீட்டுக்காரர் திருடனைக் கண்ணைப் பார்த்தே பிடிக்கிறவர். சாமி பிரசாதத்தையே சந்தேகப்படுகிறவர். அந்தப் பட்டியல் நோட்டை நேற்று அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். டீ மாஸ்டர் இருக்கிறார், மோர்க்காரி இருக்கிறாள், பூசாரி இருக்கிறார், தண்ணீர்ப் பாட்டில் கொடுத்த எஸ்.ஐ.கூட இருக்கிறார். எல்லாருக்கும் நேரம் போட்டு, கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

பட்டியல் ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஆறரைக்கு என் கையால் சாப்பிட்டதை அவர் எழுதவே இல்லை.